இன்னும் பத்து நிமிஷம்

மேற்கே எழுந்த மேகத்தை முதலில் கவனித்தவள் செம்மொழிதான். செப்டம்பர் மாதப் பிற்பகல், மணி மூன்றே முக்கால். சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதைக்குப் போகும் வழியில் அவர்களுடைய விமானம் வரிசையில் இரண்டாவதாக நின்றுகொண்டிருந்தது. இறக்கையில் விசிறிகள் சுழலும் சிறிய விமானம். திருச்சிக்குப் போகவேண்டிய அறுபத்தெட்டுப் பேர் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

இடது இருக்கையில் கேப்டன் ஜெக்கரியா இருந்தார். முப்பது வருடமாகப் பறப்பவர், கூடப் பறக்கிறவர்கள் மேல் குரலை உயர்த்தாதவர். வலது இருக்கையில் துணை விமானியாகச் செம்மொழி. திருவாரூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நடவுக்குப் போன ஒருத்தியின் மகள். அரசு உதவித்தொகையில் பறக்கக் கற்றுக்கொண்டு இந்தக் கம்பெனியில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

"கேப்டன், அந்த மேகம் கிட்ட வர்ற மாதிரி இருக்கு," என்றாள்.

ரேடார் திரையில் பச்சையும் மஞ்சளுமாக இருந்த பரப்பின் நடுவே ஒரு சிவப்புத் திட்டு தெரிந்தது. ஓடுபாதை முடிகிற இடத்திலிருந்து நாலு மைல். அவர்கள் கிளம்பவேண்டியதும் மேற்குப் பக்கமாகத்தான்.

"பாத்தேன். வடக்குப் பக்கமா நகருது. கிளம்பின உடனே நாம இடது பக்கம் திரும்பிடலாம்," என்றார் ஜெக்கரியா.

அவர்களுக்கு முன்னால் நின்ற பெரிய விமானம் ஓடிக் கிளம்பியது. மேகத்தின் ஓரத்தை உரசினாற்போலத் திரும்பி மறைந்தது. சற்று நேரத்தில் அதன் விமானி கட்டுப்பாட்டு அறையிடம் பேசுவது காதில் விழுந்தது. கொஞ்சம் குலுக்கல், மற்றபடி ஒன்றுமில்லை என்றார்.

"கேட்டியா?" என்றார் ஜெக்கரியா. "இன்னும் பத்து நிமிஷம் நமக்கு இருக்கு. அதுக்குள்ள மேல போயிட்டா பிரச்சினையே இல்ல."

செம்மொழி ஓடுபாதை ஓரத்தில் கம்பத்தில் கட்டியிருந்த காற்றுப்பையைப் பார்த்தாள். இதுவரை ஒரே பக்கமாக விறைத்து நின்ற துணிப்பை தொங்கிப்போயிருந்தது. பிறகு ஒரு உதறு உதறி, முன்னைவிடப் பலமாக உப்பியது. மேகத்துக்கு அடியிலிருந்து கீழே கொட்டுகிற காற்று தரையில் பட்டு நாலா பக்கமும் சிதறி வரும்போது இப்படித்தான் ஆகும். எழும்புகிற விமானத்தை அது முதலில் எதிர்க்காற்றாக வந்து தூக்கிவிடும். சில நொடிகளில் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும், விமானம் தரையைப் பார்த்து இறங்கும். அப்போது கையில் உயரமும் இருக்காது, நேரமும் இருக்காது. இதையெல்லாம் அவள் படித்துத் தெரிந்துகொண்டிருந்தாள்.

அந்த நொடியில் அவள் கண்ணில் பட்டது வேறு. காற்றுப்பைக்கு அப்பால் புல்வெளியில் ஒரு பெண் குனிந்திருந்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். தலையில் துண்டு. வலது கை தண்ணீருக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. அங்கே தண்ணீர் கிடையாது, ஆளும் கிடையாது என்பது செம்மொழிக்குத் தெரியும். இடி இறங்கும் நாள்களில் அந்த உருவம் வரும். ஒருபோதும் நிமிர்ந்ததில்லை.

"கேப்டன், நான் போக வேணாம்னு சொல்றேன்."

ஜெக்கரியா அவள் பக்கம் திரும்பினார். "நிச்சயமாவா?"

"ஆமா. எனக்கு இது சரியாப் படல."

இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னாலும் கிளம்பக்கூடாது என்பது அந்தக் கம்பெனியின் விதி. அவர் ரேடார் திரையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, வானிலை காரணமாக நிறுத்துமிடத்துக்குத் திரும்புகிறோம் என்று சொன்னார். அவர்கள் ஒதுங்கி வழிவிட்டதும், பின்னால் நின்றிருந்த விமானம் முன்னால் வந்து ஓடுபாதையில் ஏறிப் பறந்து போனது.

மேகம் ஜெக்கரியா சொன்னபடியே வடக்கே நகர்ந்து போனது. விமான நிலையத்தில் பத்துத் துளி விழுந்தது, அவ்வளவுதான். நிறுத்துமிடத்தில் நின்ற விமானத்தின் கண்ணாடியில் வெயில் திரும்ப அடித்தது.

வரிசையை விட்டு விலகியதால் புதிதாக நேரம் வாங்கவேண்டியிருந்தது. எரிபொருள் வண்டி வரத் தாமதமானது. எல்லாம் முடிந்து கிளம்ப இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் விமானிகள் அறைக் கதவு திறந்திருந்தது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் இருந்த கைபேசியைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"சார், எப்ப கிளம்பும்னு சொல்ல முடியுமா? நான் மாயவரம் பக்கம் போகணும். அம்மாவுக்கு ரொம்ப முடியல."

"எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கிளம்பிடுறோம் சார். மன்னிச்சுக்கங்க," என்றார் ஜெக்கரியா.

"முன்னாடி இருந்தது போயிடுத்து. பின்னாடி இருந்ததும் போயிடுத்து. நம்மளுது மட்டும் ஏன் திரும்பித்து?"

"அது என் முடிவு சார்."

செம்மொழி கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எழுதியிருந்த எண்களை நாலு முறை படித்தாள். ஒன்றும் மனதில் பதியவில்லை. அந்த மனிதர் இன்னும் ஏதோ கேட்கப்போகிறவர் போல நின்றுவிட்டு, இருக்கைக்குத் திரும்பினார்.

திருச்சியில் இறங்கியபோது மணி ஏழரை. படியில் இறங்கி வேகமாக நடந்த கூட்டத்தில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிய அவருடைய முதுகை அவள் பார்த்தாள்.

"உங்க முடிவுன்னு ஏன் சொன்னீங்க கேப்டன்?" என்று கேட்டாள்.

"விமானம் என் பொறுப்பு. அப்போ முடிவும் என்னுதுதான்," என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா சரின்னு காட்டுறதுக்கும் கையில ஒண்ணும் இல்ல. இந்த வேலை அப்படி," என்றார்.

செம்மொழிக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, இதேபோல ஒரு செப்டம்பரில், அவளுடைய அம்மா வேம்பு சம்பா நடவில் இடி விழுந்து செத்துப்போனாள்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் செம்மொழியும் வயலுக்குப் போயிருந்தாள். முடி முடியாகக் கட்டிய நாற்றைத் தூக்கி நடவு ஆட்களுக்குப் பின்னால் வீசிப்போடுவது அவள் வேலை. எட்டுப் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நாலு மணி வாக்கில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. நடவுக்கு ஆள் கூட்டி வந்த மங்களாம்பிகை, "ஏறுங்கடி, வானம் சரியில்ல," என்று கத்தினாள். அவரவர் பங்கை முடித்த பெண்கள் வரப்பில் ஏறிச் சாலையைப் பார்த்து நடந்தார்கள். வேம்புவின் பங்கில் மட்டும் ஒரு மூலை பாக்கி இருந்தது. அதிகம் போனால் பத்து நிமிட வேலை.

வேம்பு நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தாள். பக்கத்தில் கடைசி நாற்று முடியோடு நின்ற செம்மொழி அப்போதுதான் சொன்னாள்.

"இன்னும் பத்து நிமிஷம்தாம்மா. முடிச்சிட்டுப் போயிடலாம். இல்லன்னா நாளைக்கும் வரணும்பாங்க."

மறுநாள் திருவாரூரில் அவளுக்குப் பேச்சுப் போட்டி. அம்மா கூட வருவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். மிச்சம் வைத்தால் அந்த மூலையை நட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அது ஒன்றுதான் அந்தப் பன்னிரண்டு வயது மனதில் ஓடியது.

வேம்பு திரும்ப வயலில் குனிந்தாள். செம்மொழியை மோட்டார் கொட்டகையில் போய் நிற்கச் சொன்னாள். செம்மொழி ஓடிப் போய்க் கொட்டகைக்குள் நின்றாள். அதற்குப் பிறகு வெளிச்சம் மட்டும்தான் நினைவிருக்கிறது. சத்தம் நினைவில் இல்லை. வெளியே வந்து பார்த்தபோது வயல் அப்படியே இருந்தது. நட்ட நாற்று வரிசையாக நின்றது. அம்மா அதன் மேல் குப்புறக் கிடந்தாள்.

"வேம்பு அப்படித்தான், கைவேலைய பாதியில விடமாட்டா," என்றார்கள் ஊரில். துக்கம் கேட்க வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். செம்மொழி அந்தப் பேச்சை மறுக்கவில்லை. வாரங்கள் போயின, வருடங்கள் போயின. தான் அம்மாவை இருக்கச் சொன்னதை அவள் அப்பா அரசப்பனிடம்கூடச் சொன்னதில்லை.

விமானம் தாமதமான நாளுக்குப் பதினெட்டு நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. கம்பெனிக்கு வந்த அதை ஜெக்கரியாவுக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருந்தார்கள். பறக்கும் முன் விமானிகள் உட்காரும் அறையில் அவர் அதை அவளிடம் காட்டினார்.

"நான் பதில் எழுதிட்டேன். நீ படிச்சுட்டு மறந்துடு," என்றார்.

கையால் எழுதிய தமிழ்க் கடிதம். எழுதியவர் ஹரிஹரசுப்ரமணியன். நஷ்ட ஈடு எதுவும் கேட்கவில்லை என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தார். பிறகு இப்படி எழுதியிருந்தார்: அன்று இரவு எட்டே முக்கால் மணிக்கு அம்மா போய்விட்டாள். விமானம் நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் நான் ஏழே முக்காலுக்கு வீட்டில் இருந்திருப்பேன். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முன்னால் போன விமானத்துக்கும் பின்னால் போன விமானத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் திரும்பினீர்கள் என்பதை மட்டும் யாராவது எனக்கு மனுஷ பாஷையில் சொல்லவேண்டும். கீழே மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து முகவரி இருந்தது.

ஜெக்கரியாவின் பதில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பாதுகாப்பு விதி எண்கள் இருந்தன, வருத்தம் இருந்தது. மனுஷ பாஷை இல்லை.

அன்றைக்குப் பறந்த மூன்று பயணத்திலும் வானத்தில் மேகமே கிடையாது. ஆனாலும் ஓடுபாதை ஓரத்தில் அம்மா குனிந்திருந்தாள். இடி இல்லாத நாளில் அது வந்தது அதுவே முதல் முறை. பக்கத்தில் கொஞ்சம் தள்ளி, மார்போடு பையை அணைத்துக்கொண்டு ஓர் ஆளும் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது பயணம் முடிந்து இறங்கியதும் செம்மொழி நாலு நாள் விடுப்புக் கேட்டாள்.

"எங்க போற?" என்றார் ஜெக்கரியா.

"ஊருக்கு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "கம்பெனி சார்பா யாரும் அவரப் பாக்கக்கூடாது. தெரியும்ல?"

"நான் கம்பெனி சார்பா போகலங்க."

கடிதத்தில் இருந்த முகவரியின் தெரு நீளமாக, ஆள் நடமாட்டம் இல்லாமல் இருந்தது. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இப்படிப்பட்ட தெருக்களில் அவளுடைய அப்பா சின்ன வயதில் செருப்புப் போட்டு நடந்ததில்லை. அவர் அதைக் கோபமாகச் சொன்னதில்லை, தகவலாகத்தான் சொல்லியிருக்கிறார். செம்மொழி ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி இறங்கினாள்.

கதவைத் திறந்தது ஒரு பெண். அவள் ஹரிஹரசுப்ரமணியனின் தங்கை ஸ்ரீவித்யா என்பது பிறகு தெரிந்தது.

"ஹரிஹரசுப்ரமணியன் சாரைப் பாக்கணும். நான் செம்மொழி. அன்னிக்கு அவர் வந்த விமானத்துல துணை விமானியா இருந்தேன்."

ஸ்ரீவித்யா கதவைப் பிடித்தபடியே நின்றாள். உள்ளேயிருந்து, "யாரு?" என்ற குரல் வந்தது. பிறகு அவரே வந்தார். மழிக்காத தாடி. செம்மொழியை அடையாளம் தெரியாமல் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கோ," என்றார்.

கூடத்தில் ஒரு கட்டில் மடித்துச் சாத்தியிருந்தது. அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தார். ஸ்ரீவித்யா உட்காரவில்லை.

"கேப்டன் உங்ககிட்ட அவர் முடிவுன்னு சொன்னாரு," என்றாள் செம்மொழி. "அது அவரோடது இல்லைங்க. அவர் போகலாம்னுதான் சொன்னாரு. வேணாம்னு சொன்னது நான்."

ஸ்ரீவித்யாதான் பேசினாள்.

"அம்மா ஆறு மணியிலேர்ந்து கேட்டுண்டே இருந்தா. 'ஏறிட்டானா, ஏறிட்டானா'ன்னு. ஏறிட்டான்மா, வந்துண்டே இருக்கான்னு நான் சொல்லிண்டே இருந்தேன். அப்ப அவன் மெட்ராஸ்லயே உக்காந்துண்டிருக்கான். எட்டு மணிக்கு, திருவையாறு தாண்டிட்டான்னு சொன்னேன். எல்லாம் பொய். கடைசியா அம்மா கேட்டுண்டு போனது என்னோட பொய்."

"வித்யா," என்றார் அவர்.

"அவ தெரிஞ்சுண்டு போகட்டும்ண்ணா."

அவர் முன்பக்கம் சாய்ந்து கைகளைக் கோத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாம கிளம்பியிருந்தா ஏதாவது ஆயிருக்குமா?"

இந்தக் கேள்விக்கு அவள் பேருந்தில் வரும் வழியெல்லாம் பதில் தயார் செய்திருந்தாள். சிவப்புத் திட்டு, நாலு மைல், காற்றின் திசை எல்லாம் அதில் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

"தெரியாதுங்க. ஒண்ணும் ஆகாமலே போயிருக்கலாம். மத்த ரெண்டு விமானத்துக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்ப ஏன்?"

"காத்து மாறுனதப் பாத்தேன். அந்த மாதிரி காத்துல இறங்கிப்போன விமானம் இருக்கு. எது இறங்கும், எது தப்பிக்கும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் போகக்கூடாதுன்னு விதி வச்சிருக்காங்க." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "கேப்டன் இன்னும் பத்து நிமிஷம் இருக்குன்னாரு. அதே வார்த்தைய நான் ஒருத்தங்ககிட்ட சொல்லியிருக்கேன். எங்கம்மாகிட்ட. நடவு வயல்ல. மேகம் வந்துட்டு இருந்துச்சு. பத்து நிமிஷம் இருந்து முடிச்சிட்டுப் போகலாம்னு சொன்னேன். என் பேச்சைக் கேட்டுதான் இருந்தாங்க. இடி விழுந்துடுச்சு."

பதினாறு வருடம் உள்ளே கிடந்தது, யாரென்றே தெரியாத ஒரு வீட்டில், தன்மேல் கோபமாக இருக்கிறவர்கள் முன்னால் வெளியே வந்துவிட்டதே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இதச் சொல்லித் தப்பிக்க வரலைங்க," என்றாள். "என் பயம் உங்களுக்கு அந்த ஒரு மணி நேரத்த இல்லாம பண்ணிடுச்சோன்னு தோணுது. பயம் இல்லாத ஒருத்தரா இருந்தாலும் வேணாம்னு சொல்லியிருப்பாரா, எனக்குத் தெரியல. அதான் வந்தேன்."

ஸ்ரீவித்யா உள்ளே போனாள். சற்று நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து செம்மொழியின் கையில் கொடுத்தாள்.

அதன் பிறகுதான் ஹரிஹரசுப்ரமணியன் பேசினார்.

"உங்களத் திட்டணும்னுதான் இருந்தேன். இப்ப திட்ட வரல. அதுக்காக மனசு சமாதானமாயிடுத்துன்னும் சொல்லமாட்டேன்." சாத்தியிருந்த கட்டிலைப் பார்த்தார். "தினமும் இவகிட்ட கேக்கறேன். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்த முதல்லேர்ந்து சொல்லுன்னு. தினமும் சொல்றா. பால் குடிச்சா, இல்ல குடிக்கல, கை எந்தப் பக்கம் இருந்தது... எல்லாம். நான் இல்லாத நேரம் அது. கேட்டாத்தான் எனக்கு அது கொஞ்சமாவது கிடைக்கறது."

செம்மொழி தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைப் பிடித்தபடி இருந்தாள். அவள் நினைவு முழுக்க அப்பாவிடம் போயிருந்தது. அம்மாவின் கடைசி நிமிடத்தில் பக்கத்தில் இருந்தது அவள் ஒருத்திதான். அவர் கேட்க வேறு ஆளே இல்லை.

இரவு மயிலாடுதுறையில் தங்கிப் பேருந்து ஏறி, திருவாரூரில் மாறி, மறுநாள் காலை பத்து மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தாள். அரசப்பன் வயலில் இருந்தார். இப்போது சொந்தமாக இரண்டு மா, அதாவது முக்கால் ஏக்கருக்கும் குறைவான நிலம் இருக்கிறது. நடவு முடிந்து பத்து நாள் ஆன பயிருக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். மகள் வரப்பில் நடந்து வருவதைப் பார்த்து மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம வந்திருக்க? ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்ப்பா. ஒண்ணு சொல்லணும்."

நின்றபடியே சொன்னாள். மங்களாம்பிகை ஏறச் சொன்னது, பாக்கி இருந்த மூலை, பேச்சுப் போட்டி, தான் கேட்ட பத்து நிமிடம். அவள் முடித்த பிறகும் அரசப்பன் மடையில் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"'சரி, உன் பேச்ச நான் கேக்காம யாரு கேக்குறது'ன்னாங்க. 'நீ போயி மோட்டார் கொட்டாய்ல நில்லு, நனையாத, நாளைக்குத் தொண்ட கட்டிக்கும்'னாங்க."

"சிரிச்சிட்டா சொன்னா?"

"சிரிச்சிட்டுத்தான்."

அவர் வரப்பில் உட்கார்ந்தார். கால்கள் சேற்றுக்குள் இருந்தன. அவர் அழப்போகிறார் என்று செம்மொழி நினைத்தாள். ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்தபோது கண்ணில் கோபம் இருந்தது.

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"பயமா இருந்துச்சுப்பா."

"பதினாறு வருஷமாவா?" என்றார். "அன்னிக்கு நாலு மணிக்கு சைக்கிள எடுத்துட்டு வரேன், நான் வர்ற வரைக்கும் இருன்னு அவகிட்ட சொல்லிட்டுப் போனேன். சங்கக் கூட்டத்துல உக்காந்துட்டேன். பேச்சு நீண்டு போச்சு. எனக்காகத்தான் அவ வயல்லயே நின்னுட்டான்னு நெனச்சேன். ஊரே வேலைய விடமாட்டான்னு சொல்லுச்சு. எனக்கு மட்டும் தெரியும்னு நெனச்சேன். ஒவ்வொரு மழைக்கும் அவ ரோட்டப் பாத்துட்டு நிக்கிறா. நான் வரேனா, வரேனான்னு பாக்குறா. அப்படியே என் கண்ணு முன்னால நிக்கிறா."

தனக்கு மட்டுமே அம்மா வருகிறாள் என்று இத்தனை நாள் செம்மொழி நினைத்திருந்தாள். ஒரே வீட்டில் அப்பாவிடமும் வந்திருக்கிறாள். அங்கே நிமிர்ந்து நின்று சாலையைப் பார்த்திருக்கிறாள்.

"நீ சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த அரசப்பன் மேலே போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வயலுக்கு நடந்தார்.

அன்று முழுவதும் அவர் பேசவில்லை. சோறு போட்டாள், சாப்பிட்டார். மாட்டுக்கு வைக்கோல் போட்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம் உரம் பற்றிப் பேசினார். அவளிடம் மட்டும் ஒரு சொல் இல்லை. இப்படியே விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்குமோ என்று அவள் பயந்தாள். அந்த வீட்டுக் கூடத்தில் தண்ணீர் நீட்டிய கையும், திருவையாறு தாண்டிட்டான் என்ற பொய்யும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன.

மறுநாள் காலை டீ கொண்டுபோனபோது, அவர் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "உக்காரு," என்றார்.

உட்கார்ந்தாள்.

"முதல்ல இருந்து சொல்லு. காலைல வீட்ட விட்டுக் கிளம்புனதுல இருந்து."

சொன்னாள். அம்மா தூக்குவாளியில் பழைய சோறும் மோர்மிளகாயும் எடுத்துக்கொண்டது, வழியில் மலர்க்கொடி அத்தையோடு சண்டை போட்டது, பிறகு நடவில் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்று சமாதானம் ஆனது. பதினாறு வருடம் ஒரே ஒரு நிமிடத்தை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்த்ததில், அந்த நாளின் மற்ற பகுதிகள் அழியாமல் புதிதாகவே இருந்தன. அரசப்பன் நடுநடுவே நிறுத்தினார். சண்டை எதற்கு என்று கேட்டார். கோழி விஷயம் என்றதும், "அந்தக் கோழி நம்முதுதான்," என்றார். டீ ஆறிப்போய்விட்டது. விமானம் திரும்பியதையும், மாயவரத்துக்காரர் வீட்டுக்குப் போய் வந்ததையும் கடைசியாகச் சொன்னாள்.

சாயங்காலம் அவள் கிளம்பும்போது பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பேருந்து தூரத்தில் தெரிந்தபோது, "அந்த மாயவரத்துக்காரருக்குப் பண்ணது தப்பில்ல," என்றார். "ஆனா அவரு அம்மா மொகத்தப் பாக்காம போனது போனதுதான். ரெண்டையும் வச்சிக்கிட்டுத்தான் இருக்கணும்."

அதன் பிறகு செம்மொழி வழக்கம்போலப் பறந்தாள். அக்டோபர் கடைசியில் மழை தொடங்கியது. ஒருநாள் ஓடுபாதைக்கு முன்னால் மறுபடியும் ஒரு சிவப்புத் திட்டு. இந்த முறை ஜெக்கரியாவே நிறுத்தினார். நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். மழை கொட்டியது, காற்று அடித்தது. அதுவும் எதையும் நிரூபிக்கவில்லை. கண்ணாடியில் வழியும் தண்ணீருக்கு அப்பால் புல்வெளியில் அம்மா குனிந்திருந்தாள். கை போவதும் வருவதுமாக இருந்தது.

பயணிகளில் யாராவது கதவருகே வந்து எப்போது கிளம்பும் என்று கேட்டால், இப்போதெல்லாம் செம்மொழி முகம் திருப்பிப் பார்க்கிறாள். தெரியாது என்றால் தெரியாது என்கிறாள்.

அரசப்பன் அடிக்கடி கைபேசியில் கூப்பிடுகிறார். சாப்பிட்டாயா, எந்த ஊரில் இருக்கிறாய் என்பதெல்லாம் முடிந்ததும் ஒரு சின்ன இடைவெளி வரும். பிறகு ஒரு கேள்வி. அன்னிக்கு அவ கட்டியிருந்தது பச்சையா நீலமா? நாத்து அந்த வயல்லயே பறிச்சதா? மேகம் வந்தப்ப குருவிங்க சத்தம் போட்டுச்சா? ஒவ்வொன்றுக்கும் அவள் நினைவைத் துழாவிப் பதில் சொல்வாள். அவர் "ம்" என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுவார்.

போன வாரம் அவள் விமானத்துக்குப் போகும் வழியில் கூப்பிட்டார்.

"நீ கொட்டாய்க்கு ஓடுனப்ப அவ நிமிந்து உன்னப் பாத்தாளா?"

செம்மொழி நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஓடும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டியில் பேசவேண்டியதை மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள். பார்த்தாங்கப்பா என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். அவருக்கு அது போதும்.

"தெரியலப்பா. நான் திரும்பிப் பாக்கல."



"சரி," என்றார் அரசப்பன். "யோசிச்சுப் பாரு. அவசரமில்ல."